நாளைக்கு எட்டு மணிக்கு ஓஃப்

போன செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது நிலூஷியிடமிருந்து மெசேஜ் வந்தது. நான் ஓய்வுபெறும்வரை வேலை செய்த தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் இன்னும் நர்ஸாக இருக்கிறாள். குருநாகல் பிள்ளை, தமிழ் தெரியாது. சிங்களத்தில் எழுதியிருந்தாள்.

"மிஸ், 'டேர்ன் ஓஃப்' என்பதற்குத் தமிழில் என்ன? ஃபோனில் போட்டுப் பார்த்தேன், 'அணைக்கப் போகிறோம்' என்று வருகிறது. நோயாளியின் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். இதையே காட்டட்டுமா?"

கையிலிருந்த முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு, கடைக்காரன் "நோனா, கன்னவாத?" என்று, எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல், நடைபாதையில் ஒதுங்கி எழுதினேன். "காட்டாதே. எதை நிறுத்துகிறீர்கள் என்பதையும் முதலில் சேர்த்துப் போடு. மிச்சத்தை நான் பிறகு எழுதுகிறேன்."

அந்த மிச்சத்தை எழுத உட்கார்ந்து இன்றோடு ஐந்து நாள். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது. எழும்பினால் பல்கனிக்குப் போகிறேன், கடற்கரை ரயில் ஒன்று போகும் மட்டும் நிற்கிறேன், திரும்பி வந்து இரண்டு வரி எழுதி வெட்டுகிறேன். நிலூஷிக்குச் சிங்களத்தில் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். வரவில்லை. நடந்தது தமிழில். அதனால் தமிழிலேயே எழுதிவிட்டு, அவளுக்கு நானே ஒருநாள் வாயால் சொல்வேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ். நர்ஸிங் பயிற்சிக்குப் போனபோது எங்கள் தொகுதியில் தமிழ் பேசும் பிள்ளை நான் ஒருத்திதான். படுக்கை விரிப்பது, மருந்து அளப்பது, அழாமல் சவத்தைத் துடைப்பது எல்லாம் மற்றவர்கள் படித்த மாதிரியே படித்தேன். அவர்களுக்கு இல்லாத வேலை ஒன்று எனக்கு இருந்தது. எந்த வாட்டில் தமிழ் நோயாளி வந்தாலும் "அந்த மிஸ்ஸைக் கூப்பிடு" என்பார்கள். சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு ஓடுவேன். முப்பத்தொரு வருட சேவையில் பாதி ஊசி, பாதி நாக்கு.

அந்தப் பாதிக்கு யாரும் பயிற்சி தரவில்லை. இரண்டு பாஷை தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

'ஓஃப்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கொழும்புத் தமிழுக்கு அது இங்கிலிஷே இல்லை. லைட்டை ஓஃப் பண்ணு, பைப்பை ஓஃப் பண்ணு, ரைஸ் குக்கரை ஓஃப் பண்ணு. சிங்களவர்களும் 'ஓஃப் கரனவா' என்கிறார்கள். இங்கிலிஷ் படிப்பித்த சிஸ்டர், 'ஓஃப்' மட்டும் வினைச்சொல் ஆகாது, முன்னுக்கு 'டேர்ன்' அல்லது 'சுவிட்ச்' வேண்டும் என்று தலையிலே குட்டியிருக்கிறார். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் நாங்கள் அந்த முன்னுக்கு நிற்பதைத் தள்ளிவிட்டு மறுபடி ஓஃப் பண்ணுவோம். யாழ்ப்பாணத்து ஆட்களோடு பழகியபோதுதான், அவர்கள் லைட்டை நூர்ப்பதையும், பைப்பைப் பூட்டுவதையும், ஃபானை நிப்பாட்டுவதையும் கேட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு சொல். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒன்று.

இனி டொக்டர் வீரக்கோன். எங்கள் பிரிவின் பெரிய டொக்டர். மயக்கமருந்து நிபுணர். நெட்டையான மனிதர், வெள்ளைக் கோட்டின் இரண்டு பொக்கெட்டிலும் கையைப் போட்டுக்கொண்டுதான் வார்ட் ரவுண்ட் வருவார். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். ஆனால் பெயர்ச்சொல் பாவிக்க மாட்டார். "புட் இற் அப்." "டேக் இற் அவுட்." "டேர்ன் இற் ஓஃப்." எந்த 'இற்'? அது உங்கள் பாடு.

நான் அந்தப் பிரிவுக்குப் போன முதல் மாதம் ஒரு கட்டிலடியில் நின்று "டேக் இற் அவுட்" என்றார். அந்த நோயாளியின் உடம்பில் நான்கு குழாய் இருந்தன. "எதை சேர்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எடுக்க வேண்டியதை" என்றார். பக்கத்தில் நின்ற பழைய நர்ஸ் என் கையைக் கிள்ளினாள். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது சிங்களத்தில் சொன்னாள். "அவர்ட வாயைப் பாக்காத. கண்ணைப் பாரு. கண் எங்க இருக்கோ அதுதான் இற்."

உண்மைதான். அவருடைய கண் எப்போதும் ஒரு பொருளில் இருக்கும், மொனிட்டரிலோ, மூத்திரப் பையிலோ, மருந்து ஏற்றும் பம்பிலோ. ஆட்களில் இருக்காது. நான் கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அவர் வாயைத் திறக்க முன்னரே என் கை அந்த இடத்துக்குப் போய்விடும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. புதுப் பிள்ளைகள் முழிக்கும்போது நான் மட்டும் செய்து காட்டுவேன்.

தர்மலிங்கம் எங்களிடம் வந்தது நான் ஓய்வுபெறுவதற்கு ஆறேழு வருடத்துக்கு முன்னர், ஓகஸ்ட் மாதம். வயது ஐம்பத்திரண்டு. யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் ஸ்கூல் வான் ஓடுகிறவர். காய்ச்சலோடு நான்கு நாள் வான் ஓடியிருக்கிறார். ஐந்தாம் நாள் மூச்சு எடுக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி. வாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். குழாயோடு முட்டுப்படாமல் இருக்கத் தூக்க மருந்தும் பம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி பவானி. மெலிந்த, அதிகம் கதைக்காத பெண். சிங்களம் கொஞ்சம் விளங்கும், பேச வராது. ஒவ்வொரு நாளும் நடையில் போட்டிருந்த வாங்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்தால் எழும்பி நிற்பார். "மிஸ், அவர் எப்பிடி?" அவ்வளவுதான் கேள்வி. நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டு, உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார், பாடம் பண்ணுகிற மாதிரி. பிறகு தெஹிவளையில் கடை வைத்திருக்கும் கணவரின் அண்ணன் குலசிங்கத்துக்கு ஃபோன் எடுத்து அதை அப்படியே ஒப்புவிப்பார்.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. ரவுண்டில் டொக்டர் வீரக்கோன் தர்மலிங்கத்தின் கட்டிலடியில் கொஞ்சம் கூட நேரம் நின்றார். எக்ஸ்ரே தெளிந்திருந்தது. அவருடைய கண் தூக்க மருந்துப் பம்பில் இருந்தது.

"டுமோரோ எய்ட் ஓ குளொக், வி வில் டேர்ன் இற் ஓஃப்," என்றார். "டெல் த ஃபமிலி."

எனக்குத் துப்புரவாக விளங்கியது. நாளைக் காலை எட்டு மணிக்குத் தூக்க மருந்தை நிறுத்துவோம், கண் விழிக்கிறாரா பார்ப்போம், விழித்தால் மெல்ல மெல்ல மூச்சுக் குழாயையும் எடுக்கலாம். நல்ல செய்தி. ஒன்பது நாளில் முதல் நல்ல செய்தி.

நான் நடைக்கு வந்தேன். பவானி எழும்பினார். நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஓஃப் பண்ணப் போறாங்கம்மா. பண்ணினாத்தான் தெரியும்."

டொக்டர் சொன்னதில் ஒரு 'இற்'றாவது இருந்தது. தமிழில் அதுவும் உதிர்ந்துவிட்டது. 'ஓஃப் பண்ணப் போறாங்க' என்றால் எங்கள் பேச்சில் வசனம் முடிந்துபோகிறது. எதை என்று கேட்க இடமே வைப்பதில்லை.

"ஓஃப்…?" என்றார் பவானி.

அந்த நேரம் உள்ளே நான்காம் கட்டிலின் மணி அடித்தது. டெங்கு வந்த சின்ன வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பி ஓடினேன்.

மூன்று மணித்தியாலம் அவளோடு மல்லுக்கட்டினோம். என் ஷிஃப்ட் முடிந்தபோது உடுப்பெல்லாம் வியர்வை. பின்வாசலால் இறங்கி பஸ் எடுத்து வீட்டுக்குப் போனேன். பவானியை மறுபடி பார்க்கவில்லை. மாலை பார்வை நேரத்தில் அவர் உள்ளே வந்து, கணவரின் பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றதாக அந்த நேரம் நின்ற நர்ஸ் பிறகுதான் சொன்னாள். அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. காலைப் பிடித்து அழுகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வந்து பின்வாசலாலேயே உள்ளே போனேன். முன்நடையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. ரவுண்ட் முடியும்வரை அந்தக் கதவு திறப்பதில்லை.

எட்டு மணிக்கு வேலையை நானே செய்தேன். முதலில் தொண்டைச் சளியை உறிஞ்சி எடுத்தேன். விழித்ததும் குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையில் கட்டியிருந்த மெத்தென்ற பட்டி இறுகாமலும் கழலாமலும் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன். கண்ணிமையைத் தூக்கி டோர்ச் அடித்தேன். பம்பில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று குறித்தேன். பிறகு பொத்தானை அமத்தி, குழாயில் கிளிப்பைப் போட்டு, சார்ட்டில் நேரத்தை எழுதினேன். டொக்டர் வீரக்கோன் பொக்கெட்டில் கையோடு கட்டிலடியில் நின்றார். கால் மணிக்கு ஒரு தரம் நான் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன்.

"தர்மலிங்கம் ஐயா. கண்ணைத் திறங்க."

இரண்டு தரம் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் புருவம் சுருங்கியது. ஒன்பது மணியளவில் இமை திறந்தது. பார்வை எங்கேயோ மேலே அலைந்து என் முகத்தில் வந்து நின்றது. "என்ட கையை அமத்துங்க பாப்பம்." அமத்தினார். மோதிர விரலும் பெருவிரலுமாக, பலமில்லாமல், ஆனால் சொன்னவுடன் அமத்தினார். டொக்டர் "குட்" என்றார். "டெல் தெம்."

ஒன்பதரைக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். நடை நிறைய ஆட்கள். பதினைந்து பேர் இருக்கும். ஆண்கள் வேட்டியில், பெண்கள் வெளிறிய சேலையில், எல்லோருக்கும் நெற்றியில் விபூதி. கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு வயதானவர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை பவானியின் பக்கத்தில் நின்றது. கையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் இரண்டு பேனை.

பெரிய மீசைக்காரர் ஒருவர் முன்னுக்கு வந்தார். குலசிங்கம்.

"மிஸ், ஓஃப் பண்ணியாச்சோ?"

"ஆமா, எட்டு மணிக்கே பண்ணியாச்சு," என்றேன், முகமெல்லாம் சிரிப்பாக.

பெண்கள் ஒரே நேரத்தில் குரல் எடுத்தார்கள். பவானி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தார். குலசிங்கம் தலையில் அடித்துக்கொண்டு "தம்பி! தம்பி!" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உள்ளே வேறு யாரோ செத்துவிட்டார்கள், எனக்குத் தெரியாமல் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அழாமல் நின்றது அந்தச் சீருடைப் பிள்ளை மட்டும்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் மிஸ் சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டது.

அந்தக் கேள்வியில்தான் முழுவதும் எனக்கு வெளித்தது.

"ஐயோ, இல்ல! மருந்தை! தூக்க மருந்தைத்தான் ஓஃப் பண்ணினோம். மெசினை இல்ல! அவர் கண் முழிச்சிட்டார். இப்ப என்ட கையைப் பிடிச்சார். உயிரோட இருக்கிறார்!"

ஒருவரும் நம்பவில்லை. குலசிங்கத்தை, சட்டத்தையெல்லாம் மறந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாயில் குழாயோடு படுத்திருந்த தம்பி அண்ணனைப் பார்த்து இமைத்தார். குலசிங்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி விம்மினார். வெளியே போய் "இருக்கிறான், இருக்கிறான்" என்று அவர் கத்தியபோது எழுந்த சத்தத்தை, முதல் எழுந்ததிலிருந்து வேறு பிரிக்க முடியவில்லை.

பவானி சிரித்தார், அழுதார், என் கையைக் கண்ணில் ஒற்றினார். பிறகு மகளைப் பார்த்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது.

"மதுரா, எத்தினை மணி?"

"ஒம்பதே முக்கால், அம்மா."

அந்தப் பிள்ளைக்கு அன்று ஏ.எல். சோதனை, பல்கலைக்கழகம் போக எழுதுவது. இரசாயனவியல் இரண்டாம் பத்திரம். எட்டரைக்குத் தொடங்கியிருக்கும். அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். அது மதுராவுக்கும் தெரியும். ஆனாலும் குலசிங்கம் ஒரு ஓட்டோவைப் பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டியில் சோதனை நடந்த பள்ளிக்கூடத்துக்குப் பறந்தார். படலையடியில் நின்ற அதிகாரி நல்ல மனிதராம், கேட்டு மிகவும் கவலைப்பட்டாராம். கவலைப்பட்டுத் திருப்பி அனுப்பினார்.

தர்மலிங்கம் தேறினார். அதிலிருந்து ஐந்தாம் நாள் குழாய் எடுத்தோம், பிறகு சாதாரண வாட்டுக்கு மாற்றினோம், மாதம் முடிய முன்னர் வீட்டுக்குப் போனார். அவர் போன அடுத்த கிழமை குலசிங்கத்தின் முறைப்பாட்டுக் கடிதம் வந்தது.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேட்ரனின் அறையில் ஒரு மேசை. ஒரு பக்கம் மேட்ரனும் டொக்டர் வீரக்கோனும், எதிரே பவானியும் குலசிங்கமும். நான் நடுவில், ஏனென்றால் அந்த அறையில் தமிழும் இங்கிலிஷும் இரண்டும் தெரிந்தவள் நான்தான். என்மேல் கொடுத்த முறைப்பாட்டை நானே மொழிபெயர்க்க வேண்டும். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

குலசிங்கம் கடைச் சிங்களத்தில் கொஞ்சம் கத்திவிட்டு, பிறகு தமிழுக்கு வந்து, "ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்லத் தெரியாதவையை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். சொன்னேன். டொக்டர் தலையாட்டினார்.

மேட்ரன் பவானியிடம் கேட்கச் சொன்னார்: மகளை ஏன் சோதனைக்கு அனுப்பவில்லை, எழுதிவிட்டு வந்திருக்கலாமே? நான் கேட்டேன். பவானி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இரா முழுக்க அவளுக்குச் சொல்லேல்லை. எழுதிப்போட்டு வரட்டும் எண்டுதான் இருந்தனான். விடியப் பிள்ளை உடுத்துக்கொண்டு வந்து, அப்பாட்டைச் சொல்லுங்கோ நான் நல்லாச் செய்வன் எண்டு எண்டாள். பிறகு என்னாலை ஏலேல்லை. தேப்பனைக் கடைசியாப் பாக்க விடேல்லை எண்டு நாளைக்கு அவள் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

இதையும் சொன்னேன். குரல் உடையாமல் சொன்னேன், தொழில் பழக்கம். மேட்ரன், சொல் விளங்காமல் போனது பெரிய துரதிர்ஷ்டம், இனிச் சொற்களைக் கவனமாகப் பாவிக்கச் சொல்லி எல்லோருக்கும் அறிவுறுத்துகிறோம் என்றார். அதைப் பவானிக்குத் தமிழில் சொன்னேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுக்கு என்ன மிஸ். விளங்காட்டித் திருப்பிக் கேட்டிருப்பன். நான் கேக்க வாய் திறந்தனான். நீங்கள் என்ரை முகத்தைப் பாத்தனீங்கள். பாத்திட்டுத்தான் போனனீங்கள். கொஞ்சம் நிண்டிருக்கலாம்."

அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அவர் மிகவும் பயந்துபோனார் என்கிறார்' என்று ஒரு வசனத்தில் முடித்திருக்கலாம். குலசிங்கத்துக்கு இங்கிலிஷ் தெரியாது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நிலூஷி கேட்ட கேள்வி என்னை உட்கார விடாததற்குக் காரணம் இதுதான். சொல் பிழைத்துப்போச்சு என்று நானும் பல பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், சிரிக்கக்கூட வைத்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தேன். மணி அடித்தது உண்மை, ஓடியது உண்மை, ஓட முன்னர் அந்த முகத்தின் நிறம் இறங்கியதைப் பார்த்ததும் உண்மை. ஏதோ பிழையாக விளங்கிவிட்டது என்று தெரிந்துதான் திரும்பினேன். பிறகு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்று மணித்தியாலத்தில் மறந்துபோனேன்.

அப்படியே இங்கிலிஷில் சொன்னேன். "அவர் என் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் போனார், கொஞ்சம் நின்றிருக்கலாம் என்கிறார்." என்னைப் பற்றி நானே 'அவர்' என்று சொன்னேன்.

டொக்டர் வீரக்கோன் பொக்கெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன், சேர்."

"அப்போது நான்காம் கட்டில் விழுந்துகொண்டிருந்தது."

"ஆமாம், சேர்."

"அந்தப் பெண் பிழைத்தாள்."

"பிழைத்தாள், சேர்."

"அதையும் இவருக்குச் சொல்லு."

"வேண்டாம் சேர்," என்றேன். "இவர் அதைக் கேட்கவில்லை."

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்தினார். பிறகு பவானியை, மேசையையோ கடிதத்தையோ அல்ல, பவானியை நேரே பார்த்து மெதுவாக ஒரு வசனம் சொன்னார். "'டேர்ன் இற் ஓஃப்' என்று சொன்னது நான். எதை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிழை என்னுடையது." என் பக்கம் திரும்பி, "இதை மட்டும் சொல்லு," என்றார். சொன்னேன். பவானி தலையசைத்தார். குலசிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு யன்னலைப் பார்த்தார்.

பரீட்சைத் திணைக்களத்துக்கு டொக்டர் தன் கையாலேயே கடிதம் எழுதினார். பயனில்லை, சட்டம் சட்டம்தான். அதற்குப் பிறகு அவருடைய ரவுண்ட் நீண்டுவிட்டது. "டேர்ன் ஓஃப் த செடேஷன்," தூக்க மருந்தை என்று பெயரோடு சொல்வார், என்னைப் பார்ப்பார், நான் அதைத் தமிழில் சொல்லிக்காட்டும்வரை அடுத்த கட்டிலுக்கு நகரமாட்டார். தமிழ் தெரியாத மனிதருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று தெரியாது. ஆனால் நிற்பார்.

மதுரா அடுத்த வருடம் எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுதினாள். இன்றைக்குத் தெஹிவளையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. டொக்டருக்குப் படிக்க இருந்த பிள்ளை என்று குலசிங்கம் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். முதல் தரமே எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்று சொல்ல என்னால் முடியாது. கிடைத்திருக்கும் என்று சொல்ல அவர்களாலும் முடியாது. இந்த இரண்டு முடியாதுகளுக்கும் நடுவில்தான் நான் பல்கனிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

அந்த அடுத்த வருடத்து இரசாயனவியல் இரண்டாம் பத்திரத்தன்று நான் லீவு போட்டேன். ஏன் என்று மேட்ரன் கேட்டதற்குச் சொந்த அலுவல் என்றேன். எட்டு மணிக்கே பம்பலப்பிட்டியில் அந்தப் பள்ளிக்கூடத்து மதில் ஓரமாகப் போய் நின்றுவிட்டேன். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். மதுரா போவதைக் கண்டேன். படலை மூடியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து குடையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் ஒருவர் வந்தார். பவானி.

"மிஸ், நீங்கள் இஞ்சை? ஆரும் சொந்தக்காரப் பிள்ளையள் எழுதினமோ?"

"இல்ல."

என்னைப் பார்த்தார். மதில் நிழல் அவ்வளவு அகலமில்லை. அவர் ஒரு அடி தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார்.

மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். வெயில் ஏறி நிழல் காலடிக்கு வந்துவிட்டது. காலிவீதிப் பஸ்களின் இரைச்சலில் பெரிதாகக் கதைக்கவும் முடியாது. தர்மலிங்கம் இப்போது காலையில் மட்டும் வான் ஓடுகிறார், குரல் கொஞ்சம் கரகரத்துவிட்டது, மற்றபடி சுகம் என்றார். நடுவில் ஒரு தரம் பைக்குள்ளிருந்து கிரீம் கிரேக்கர் பக்கெட்டை எடுத்து நீட்டினார். இரண்டு எடுத்தேன். என் கால் வீங்கத் தொடங்கியது. "போய் இருங்கோ மிஸ், அங்காலை பஸ் ஹோல்ட்டிலை வாங்கு கிடக்கு," என்றார். "இருக்கட்டும்," என்றேன்.

படலை திறந்தது. மதுரா கேள்விப் பத்திரத்தை விசிறிக்கொண்டு வந்தாள். ஒரு வருடத்தில் நன்றாக உயர்ந்திருந்தாள். தாயிடமிருந்து போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ ஆரம்மா?"

"அப்பாவைப் பாத்த மிஸ்."

கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "ஓஃப் மிஸ்ஸோ?"

பவானி அவள் தோளில் பட்டென்று ஒன்று போட்டார். "வாயை மூடு!"

ஒரு வருடமாக அந்த வீட்டில் என் பெயர் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா, நான்தான்," என்றேன். "எப்படி எழுதினீங்க?"

"நேரம் காணேல்லை மிஸ். கடைசிக் கேள்வி அரைவாசிதான். இஞ்சை பாருங்கோ, இப்பிடிக் கேட்டால் ஆர் செய்யிறது?" பத்திரத்தை என் கையில் தந்து, அந்தக் கேள்வியை விரலால் காட்டினாள்.

எனக்கு இரசாயனவியல் தெரியாது. பின்னால் பஸ் கண்டக்டர் "வெள்ளவத்த, தெஹிவல" என்று கூவிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து, அவள் முகத்தையும் பார்த்துப் பார்த்து, கேள்வியை முழுவதும் வாசித்தேன்.